சம்பளமில்லாத மூன்று மாத ஸ்டுடியோ இன்டர்ன்ஷிப்: போகலாமா, வீட்டிலேயே ட்ராக் செய்யலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சென்னையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள். இரண்டு வருடமாக ஹாஸ்டல் அறையில் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளை வைத்து எலக்ட்ரானிக் ட்ராக்குகள் செய்கிறீர்கள். சாலிகிராமத்தில் ஒரு இசையமைப்பாளரின் ஸ்டுடியோவில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, சம்பளம் கிடையாது. போய்ப் பார்த்தபோது ஏற்கெனவே அங்கே இருந்த மாணவர் கேபிள் சுற்றிக்கொண்டும் ஃபைல்களுக்குப் பெயர் மாற்றிக்கொண்டும் இருந்தார். "இதற்குப் போவதா, அந்த மூன்று மாதத்தில் அறையிலேயே இருந்து பத்து ட்ராக் முடிப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாஸ்டல் கதவு இரவு பத்து மணிக்கு மூடிவிடும் என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் சம்பளம் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது, அந்த ஸ்டுடியோவில் யாராவது எனக்கு மியூசிக் புரொடக்ஷன் கற்றுத்தருவார்களா என்பதைத்தான். பெரும்பாலும் உட்காரவைத்துக் கற்றுத்தர மாட்டார்கள். அவர்களுக்கு நேரம் இருக்காது. இருந்தாலும் போகச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: வேலை நடக்கும்போது நீங்கள் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். கேபிள் சுற்றச் சொல்வது பிரச்சினை இல்லை. கேபிள் சுற்றி முடித்ததும் வெளியே போய் உட்காரச் சொல்கிறார்களா, உள்ளே ஒரு மூலையில் உட்கார விடுகிறார்களா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நான் 17 வருடமாகச் சென்னையில் முதலில் மியூசிக் புரோகிராமராகவும் (கம்ப்யூட்டரில் இசைப் பகுதிகளை அமைப்பவர்) அப்புறம் மிக்ஸிங் இன்ஜினியராகவும் வேலை செய்கிறேன். சினிமாப் பாட்டு, பின்னணி இசை, விளம்பரம், தனிப்பாடல் இவைதான் என் உலகம். கிளப்புகளில் டிஜேவாக வாழ்கிறவர்களின் பாதை வேறு, அதில் நான் வேலை செய்ததில்லை. கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்தே படியுங்கள்.

வீட்டில் கற்றுக்கொள்ள முடிந்தது எது, முடியாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். சின்த்தில் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி) ஒலி செதுக்குவது, சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர் எப்படி வேலை செய்கிறது, ஒரு ஒலி வரும்போது இன்னொன்றைத் தானாகத் தாழ்த்தும் சைட்செயின் போடுவது, டிரம் பேட்டர்ன் அடுக்குவது இதற்கெல்லாம் இன்டர்ன்ஷிப் வேண்டியதில்லை. ஹாஸ்டல் அறையிலேயே, இணையத்தில் இருக்கும் பாடங்களை வைத்து, எந்த ஸ்டுடியோவையும்விட நன்றாகக் கற்கலாம். இரண்டு வருடமாக அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அறையில் தனியாக இருந்து கற்க முடியாதது இரண்டே இரண்டு. ஒன்று, பிறர் முன்னிலையில் இசை பற்றிய ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது. இன்னொன்று, உங்கள் வேலையை இன்னொருவர் கையில் கொடுத்தால் அவர் உங்களைக் கூப்பிடாமலே அதைத் திறந்து தொடர முடிகிறதா என்பது.

முதலாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் உதவியாளராக இருந்தபோது ஒரு கிராமத்துக் கல்யாணப் பாட்டு. நான் செய்திருந்த ட்ராக் எஃப் சுருதியில், சுருதியைக் கட்டையாக எண்ணும் நம்மூர்க் கணக்கில் நாலு கட்டை. நாதஸ்வரக் கலைஞர் வந்தார். கையில் இருந்தது இரண்டரைக் கட்டை பாரி நாயனம், அதாவது நீளமான நாதஸ்வரம். நாதஸ்வரம் கீபோர்டு இல்லை, ஒரு பட்டனைத் தட்டிச் சுருதி மாற்ற முடியாது. துளைகளும் சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் பகுதி) தருகிற சுருதிதான். பாட்டை இறக்கினால் பாடகருக்குக் கீழே போய்விடும், ஏற்கெனவே பாடியும் ஆகிவிட்டது. அவர் இரண்டரையில் வாசித்ததை கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். இசையமைப்பாளர் வேண்டாம் என்றார். நாதஸ்வரத்தின் உடல் அதிர்கிற விதம் அந்த ஒலியோடு ஒட்டியே இருக்கிறது, அதை இரண்டு அரைச்சுரம் தள்ளினால் பொம்மைக் குழல் மாதிரி ஆகிவிடும் என்று விளக்கினார். பிறகு கலைஞரிடமே கேட்டார், "அண்ணே, இந்த நாயனத்துலயே இடம் மாத்திப் பிடிச்சு வாசிக்க வருமா?" அவர் யோசித்து, நாலு கட்டைச் சுருதிக்கு எந்த இடத்தை ஆதாரமாக வைத்தால் சரியாக வரும் என்று வாசித்துக் காட்டினார். எல்லாக் கமகமும் அங்கே வராது என்பதையும் சொன்னார். வருகிற பிடிகளை மட்டும் வைத்து மெட்டையே அந்த இடத்தில் மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அன்றைக்கு நான் கற்றதை எந்த ப்ளக்-இன் (இசை மென்பொருளோடு சேர்க்கும் துணைக் கருவி) பாடமும் எனக்குச் சொன்னதில்லை: வாத்தியக்காரரை அழைக்கும் முன்பே எந்தக் கட்டை என்று போனில் கேட்டுவிட வேண்டும், கேட்கத் தவறினால் பதில் அவரிடமே இருக்கிறது.

நீங்கள் எலக்ட்ரானிக் ஆள், நாதஸ்வரம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் சென்னையில் எலக்ட்ரானிக் இசைக்குப் பணம் வரும் இடம் பெரும்பாலும் சினிமாவும் அதை ஒட்டியதும்தான், அங்கே சின்த்தும் பறையும் ஒரே பாட்டில் உட்கார வேண்டியிருக்கும். பறை அடியை அப்படியே குவாண்டைஸ் செய்து கட்டத்துக்குள் இழுத்தால் அதன் நடை செத்துவிடும். மனித அடிக்கு ஏற்றபடி உங்கள் கிக், ஹை-ஹாட்டை நகர்த்தப் பழக வேண்டும். சின்த்தில் கமகம் வைக்கவும் இதே கவனம் தேவை. பெரும்பாலான சின்த்களில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் தொடக்கத்தில் இருக்கும், அதாவது ஒரு கட்டை. நம் ராகத்தின் இழுப்பு பல இடங்களில் அதைத் தாண்டும். அந்த எல்லையை எவ்வளவு திறந்து வைக்கிறார்கள், வளைவைக் கையால் வரைகிறார்களா வாசிக்கிறார்களா என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒரு மாலையில் புரியும்.

இரண்டாவது விஷயம், அந்த மாணவர் பெயர் மாற்றிக்கொண்டிருந்தாரே, அது. உங்களுக்குக் குமாஸ்தா வேலை மாதிரி தெரிந்திருக்கும். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய ஒரு கெட்ட நாள் தேவைப்பட்டது. என் இரண்டாவது வருடத்தில் 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிக்கிறோம் என்ற கணக்கு) செய்த ஒரு பாட்டின் ட்ராக்குகளை வயலின் குழுவைப் பதிவுசெய்ய வேறொரு ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். அங்கே செஷன், அதாவது பாட்டின் வேலைக் கோப்பு, 48-ல் இருந்தது. ஃபைல் பெயரிலும் கூடவே போன குறிப்பிலும் நான் எதையும் எழுதவில்லை. மாற்றாமல் உள்ளே எடுத்தார்கள். 44.1-ல் எடுத்த ஒலி 48 என்று நினைத்து ஓடினால் வேகம் ஒன்பது சதவீதம் கூடும், சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறும், நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் முடிந்துவிடும். எழுதி வைத்த நோட்டேஷனுக்கும் காதில் கேட்பதற்கும் பொருந்தவில்லை. பதினான்கு வயலின் கலைஞர்கள் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம், ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் தயாரிப்பாளர் பணம். முக்கால் மணி நேரம் போயிற்று. இன்றைய மென்பொருட்கள் இதை எச்சரிக்கும், பல நேரம் தானே மாற்றியும் கொள்ளும். ஆனாலும் டெம்போ எழுதாத ஃபைல், பாட்டின் முதல் பாரிலிருந்து (தாளச் சுற்றிலிருந்து) தொடங்காத ஸ்டெம் (தனியாகப் பிரித்தெடுத்த ஒலிப்பகுதி), "ஃபைனல் நியூ 3" என்று பெயர் வைத்த ட்ராக் எல்லாம் இன்றைக்கும் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. நான்கு நிமிடப் பாட்டில் அறுபது ட்ராக் இருந்தால் நாலு ஜிபி தாண்டும். ஒரு படத்தின் பாடல்கள், பின்னணி இசை, பழைய வடிவங்கள் என்று சேர்ந்தால் அந்தக் குவியலில் ஒரே ஒரு ஷேக்கர் ட்ராக்கை இரவு பதினொரு மணிக்கு இயக்குநர் கேட்பார். அதை ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிற ஆளைத்தான் அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள். கேபிளும் இதே மாதிரிதான். முறுக்காமல், ஒரு சுற்று மேலாகவும் அடுத்தது கீழாகவும் சுற்றினால் பல வருடம் வரும், முழங்கையில் சுற்றினால் உள்ளே கம்பி உடையும். கூடவே சிலதைக் கவனியுங்கள்: ஸ்பீக்கரைக் கடைசியில் போட்டு முதலில் அணைப்பது, எந்த மைக்குக்கு 48 வோல்ட் ஃபாண்டம் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தேவை எதற்குக் கூடாது என்பது, பாடகர் உள்ளே நிற்கும்போது பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டின் அளவு) 1024-லிருந்து 128-க்கு இறக்குவது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி விநாடி. தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் நல்ல பாடகரும் தடுமாறுவார்.

சரி, அந்த ஸ்டுடியோ நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சேரும் முன்பே பணிவாக மூன்று விஷயம் கேளுங்கள். ரெக்கார்டிங், மிக்ஸிங் நடக்கும்போது உள்ளே உட்காரலாமா? வேலை இல்லாத நேரத்தில் முடிந்துபோன, வெளியாகிவிட்ட ஒரு பாட்டின் செஷனைத் திறந்து பார்க்க அனுமதி உண்டா? வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணிவரை? முதல் இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் சம்பளம் இல்லாவிட்டாலும் போவேன். இரண்டில் ஒன்றுக்காவது மழுப்பினால் யோசிப்பேன். போக்குவரத்தும் சாப்பாடும் கேட்பதில் தவறில்லை, கேட்டதற்காகக் கோபப்படுகிற இடம் உங்களுக்கு வேண்டாம். இன்டர்ன்ஷிப் என்று சொல்லி உங்களிடமே பணம் கேட்டால் போகவே போகாதீர்கள். கட்டணம் வாங்கினால் அது பயிற்சி வகுப்பு, அதற்குப் பாடத்திட்டமும் ஆசிரியரும் இருக்க வேண்டும். முறையாகப் படிக்க விரும்பினால் 2008-ல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரி இடங்கள் சென்னையிலேயே உண்டு. படிப்பையும் உதவியாளராக இருப்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரகுமானே சொந்தமாகப் படம் செய்வதற்கு முன் பல வருடம் இளையராஜா உள்பட மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்தவர். 1992-ல் ரோஜா வெளிவந்தபோது அது அவருடைய முதல் படம்தான், ஆனால் ஸ்டுடியோ அறைக்கு அவர் புதியவர் இல்லை.

ஒரு மாற்றத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஏவிஎம், பிரசாத் போன்ற ஸ்டுடியோக்களின் பெரிய கூடங்களில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். அங்கே ஓரமாக நின்றாலே பாதி கற்றுக்கொள்ளலாம். இப்போது பல இசையமைப்பாளர்களின் ஸ்டுடியோ ஒரு ஃப்ளாட்டின் படுக்கை அறை. இசையமைப்பாளர், புரோகிராமர், நீங்கள் என்று மூன்றே பேர். சிறிய அறை என்று ஏமாற்றம் அடைய வேண்டாம். மூன்று பேர் இருக்கும் அறையில் உங்கள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. ஆனால் அங்கே பேசவும் தெரிய வேண்டும், பேசாமல் இருக்கவும் தெரிய வேண்டும். முதல் மாதம் கருத்துச் சொல்லாதீர்கள். கேட்டால் மட்டும், ஒரே வாக்கியத்தில், கேட்டது என்ன என்று சொல்லுங்கள்: "இரண்டாவது சரணத்தில் பேஸ் குரலை மறைக்கிறது சார்" என்பது உதவும். "எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை" என்பதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது.

உரிமை விஷயத்தில் கவனமாக இருங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேலை ஒப்பந்தத்திலோ தொழில் பழகும் ஒப்பந்தத்திலோ செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், வேலை கொடுப்பவரே முதல் உரிமையாளர் என்கிறது. தொழில் பழகுதல் என்பதைச் சட்டம் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதேபோல உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது 19-ஆவது பிரிவு. அதனால் "ஒரு பீட் போட்டுக் கொடு" என்று கேட்டால் கொடுப்பதற்கு முன்பே, இது பயன்பட்டால் என் பெயர் வருமா, எந்த இடத்தில் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது கேட்டு வாங்கிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ட்ராக்குகளின் பட்டியலைச் சேரும் நாளுக்கு முன் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. கையெழுத்துப் போடச் சொல்லி ஏதாவது தாள் வந்தால் ஒரு நாள் அவகாசம் கேட்டு, சட்டம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நம்பிக்கை விஷயத்தில் உங்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது: வெளிவராத பாட்டின் ஒரு விநாடியும் அந்த அறையைத் தாண்டக் கூடாது. பின்னால் ஸ்க்ரீன் தெரிகிற ஒரு செல்ஃபி இன்ஸ்டாகிராமில் வந்ததால் ஒரு நல்ல பையன் வேலையை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். படத்தின் பெயர், பாட்டின் தலைப்பு எல்லாம் அந்த ஸ்க்ரீனில் இருந்தது.

சேர இன்னும் சில வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஸ்டுடியோவில் எந்த மென்பொருள் என்று கேளுங்கள். லாஜிக், க்யூபேஸ், ப்ரோ டூல்ஸ், ஏபிள்டன் எதுவாக இருந்தாலும் அதன் முக்கியமான முப்பது ஷார்ட்கட்டுகள் விரலில் இருக்கட்டும். எஃப்எல்லை மாற்ற வேண்டாம், உங்கள் சொந்த இசைக்கு அதுவே போதும். கிராக் ப்ளக்-இன் எதையும் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதில் வைரஸ் வந்தால் இன்னொருவரின் படம் போய்விடும். சர்ஜ், வைட்டல் மாதிரி இலவச சின்த்களே இன்று அருமையாக இருக்கின்றன. ரீப்பர் 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கக் கிடைக்கிறது. கட்டைக் கணக்கைக் காதில் ஏற்றுங்கள்: ஒன்று என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி. பாடகர் "ஐந்தரைக்குப் போகலாம்" என்றவுடன் உங்கள் கை ஜி ஷார்ப்புக்குப் போக வேண்டும். காதையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். இரைச்சல் அதிகமாக இருந்தால் வெளியே வந்து பத்து நிமிடம் நில்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

மூன்று மாதம் முடிந்தால் வேலை கிடைக்குமா என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் பார்த்தவரை, அந்த ஸ்டுடியோவிலேயே தொடர்ந்தவர்கள் குறைவு. அங்கே சந்தித்த இன்னொரு புரோகிராமரோ இன்ஜினியரோ ஆறு மாதம் கழித்து அவசரத்துக்குக் கூப்பிட்டு, அப்படி உள்ளே வந்தவர்கள்தான் அதிகம். இது என் கண்ணில் பட்ட சிலரை வைத்துச் சொல்வது, பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டையே எழுதித் தருகிற ஏஐ கருவிகள் வந்தபிறகு புரோகிராமர் வேலை எத்தனை நாள் இருக்கும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஸ்டாக் இசை மாதிரியான சின்ன வேலைகளில்தான் அதன் அடி முதலில் விழும் என்று நினைக்கிறேன், இது என் ஊகம் மட்டுமே. இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் அழ வைக்கணும்" என்று சொல்லும்போது அதைச் சுருதியாகவும் மௌனமாகவும் மாற்றத் தெரிந்த ஆள் இன்றைக்கும் தேவைப்படுகிறார்.

அந்தப் பத்து ட்ராக்கையும் விட்டுவிட வேண்டாம். வாரத்தில் நாலு நாள் ஸ்டுடியோ என்று பேசிக்கொண்டு, மீதி நாளில் மாதம் ஒன்று என்று மூன்று ட்ராக்கை முழுதாக முடியுங்கள். ஸ்டுடியோவில் பார்த்த ஒன்றை அதே வாரம் உங்கள் ட்ராக்கில் செய்து பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு நாளும் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பாட்டின் பெயரை அதிலும் எழுதாதீர்கள்.

கடைசியாக அந்த ஹாஸ்டல் கதவு. இதைச் சிறிய விஷயமாக நினைத்துக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. இங்கே பல ஸ்டுடியோக்கள் மதியம் தொடங்கி நள்ளிரவு தாண்டும். முதல் நாளே "ஒன்பது மணிக்கு நான் கிளம்ப வேண்டும் சார், ஹாஸ்டல் விதி" என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும், முதல் நாள் சொன்னால் அது உங்கள் நேரம். படம் வெளியாகும் வாரத்தில் ஒருவேளை இரவு தங்க வேண்டி வந்தால், கல்லூரியிலிருந்து வார்டனுக்கு எழுத்தில் ஒரு அனுமதியும், திரும்பி வர ஸ்டுடியோ செலவில் ஒரு கேப்பும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்த ஸ்டுடியோவின் முகவரியும் அங்கே இருக்கும் ஒருவருடைய போன் நம்பரும் தெரிந்திருக்கட்டும்.